மாயன் சாஃப்ட்வேர் போட்டு ஒன்றரை வருஷம்: எங்க பனியன் கம்பெனி அனுபவம்

திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினோரு வருஷமா அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேனுங்க. ஜிஎஸ்டி கணக்கு, பில் எல்லாத்தையும் வருஷாந்தர ரிட்டர்ன் கெடுவில் இருந்து 72 மாதம் பத்திரமா வைக்கணும். நிட்டிங், டையிங், காம்பாக்டிங்னு துணி போக வர எழுதுற டி.சி. (டெலிவரி சலான்) மட்டுமே பீரோ பீரோவா சேரும்.

முன்னே காசு கொடுத்து வாங்கின ஒரு சாஃப்ட்வேரில்தான் ஸ்கேன் பண்ணி வெச்சிருந்தோம். அதைச் செஞ்சவங்க கடையை மூடிட்டாங்க. லைசென்ஸ் முடிஞ்ச அன்னைக்கு நாலு வருஷ பேப்பரும் உள்ளேயே மாட்டிக்கிச்சு. பரண்ல இருந்து அட்டைப்பெட்டிகளை இறக்கி, நானும் இன்னொரு பொண்ணும் இருபது நாள் மறுபடி ஸ்கேன் பண்ணினோம். அந்தத் தூசியில வந்த இருமல் போக ஒரு மாசம் ஆச்சு.

அதனாலதான் பேப்பரை ஸ்கேன் பண்ணி வெச்சுத் தேடி எடுக்கிற மாயன் இடிஎம்எஸ்ங்கிற சாஃப்ட்வேருக்கு மாறினோம். ஓப்பன் சோர்ஸ், அதாவது யாரும் எடுத்துப் போட்டுக்கலாம்; சாஃப்ட்வேருக்குக் காசில்லை. ஆனா அது ஓடத் தேவையான டாக்கர், போஸ்ட்கிரெஸ் எல்லாம் ஏத்திப் பார்த்துக்க எங்களால ஆகாது. அதுக்குக் கோயமுத்தூர்ல ஒரு சின்ன கம்பெனிக்கு வருஷ ஏ.எம்.சி. (பராமரிப்பு ஒப்பந்தம்) கட்டுறோம்.

முதல் மாசம் தமிழில் அடிச்ச பில் எதுவும் தேடினா கிடைக்கலை. திறந்து பார்த்தா "சாயப்பட்டறை"ங்கிற இடத்துல இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கோடும். அந்தக் கோயமுத்தூர் கம்பெனிக்குப் போன் பண்ணினேன். "அக்கா, ஸ்கேனை எழுத்தா வாசிக்கிற டெசராக்ட்ல தமிழ் பேக் சேர்க்காம உட்டுட்டோமுங்க"ன்னு தம்பி ஒத்துக்கிட்டு அன்னைக்கு சாயங்காலமே சேர்த்துட்டாரு. பழைய பில்லுக்கும் மொழியைத் தமிழ்னு மாத்தி, திரும்ப வாசிக்க வெச்சாரு. கையெழுத்து டி.சி.யை மட்டும் அது சரியா வாசிக்காது. டி.சி. நம்பர், லாட் நம்பர், பார்ட்டி பேரு மூணையும் ஸ்கேன் பண்ணும்போதே டைப் பண்ணிடுறோம். இதை முதல் நாளே ஆரம்பிச்சிடுங்க, நாங்க மூணு மாசம் தள்ளிப் போட்டுத் திண்டாடினோம்.

போன மாசம் ஆடிட்டர் 2021-ம் வருஷ டையிங் டி.சி. ஒண்ணு கேட்டாரு. அவர் டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள பிரிண்ட் கையில இருந்தது.

ஒரு குறை: 20-ம் தேதி ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போடுற அன்னைக்கு ஏழு மணிக்கு மேல சர்வீஸ்காரங்க போன் எடுக்கிறதில்லை. புது ஏ.எம்.சி.யில அந்த நாளுக்கு மட்டும் பத்து மணி வரைன்னு எழுதி வாங்கியாச்சு.

அதுல கையெழுத்துப் போடுறதுக்கு முந்தி முதலாளி சர்வீஸ் தம்பிகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டாரு: "நாளைக்கு நீங்க இல்லீன்னா?" தம்பி பேக்கப் டிஸ்க்கை எங்க பழைய கம்ப்யூட்டர்ல மாட்டி, மாயனைப் புதுசா ஏத்தி, எங்க பில்லையே திறந்து காட்டினாரு. முதலாளி அப்பத்தான் செக் புக்கை எடுத்தாரு.