ஸ்கூபா கார்டு: ரெண்டு நாளா, நாலு நாளா, ஒரு வாரமா?

"ஓப்பன் வாட்டர் முடிக்க மூணு நாள், மிஞ்சிப்போனா நாலு." ஸ்கூபா, அதாவது காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் முங்கும் பயிற்சியை முடித்துக் கார்டு வாங்க எத்தனை நாள் ஆகும் என்று எந்த டைவ் சென்டருக்குப் போன் போட்டாலும் இந்தப் பதில்தான் வரும். பொய்யில்லை. ஆனால் நாகர்கோவிலிலிருந்தோ மார்த்தாண்டத்திலிருந்தோ லீவு போட்டுக் கிளம்புகிறவருக்கு இந்தக் கணக்கு போதாது. எந்தக் கார்டு, எந்தக் கடல் என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எத்தனை நாள் லீவு கேட்பது என்று தெரியும்.

முதலில் ஒன்றைத் தள்ளிவிடுவோம். சுற்றுலா போன இடத்தில் அரை நாளில் கடலுக்குள் இறக்கி, வீடியோவும் எடுத்துக் கொடுக்கிறார்களே, அதற்குக் கார்டு கிடையாது. பயிற்சியாளர் கையெட்டும் தூரத்திலேயே வருவார், 12 மீட்டருக்குக் கீழே கூட்டிப்போக மாட்டார். பயம் தெளிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

கார்டு என்றால், பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி நிறுவனத்தில் ஆரம்பக்காரர்களுக்கு இரண்டு உண்டு. சின்னது 'ஸ்கூபா டைவர்'. ஐந்து பாடத்தில் மூன்று, ஆழம் குறைந்த நீர்ப் பயிற்சி ஐந்தில் மூன்று, கடலில் நாலுக்குப் பதில் இரண்டு டைவ். இரண்டு நாளில் முடிந்துவிடும். ஆனால் ஆயுசுக்கும் 12 மீட்டர்தான், அதுவும் தொழில்முறை டைவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். எல்.எல்.ஆரை மட்டும் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுவது மாதிரி. பிறகு மீதியை முடித்து முழுக் கார்டாக மாற்றலாம் என்பார்கள். அதற்கு மறுபடியும் டிக்கெட், மறுபடியும் லீவு. உள்ளூரிலேயே டைவ் சென்டர் இருப்பவருக்குச் சரி, நம் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து போகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

முழுக் கார்டு 'ஓப்பன் வாட்டர்'. 18 மீட்டர் வரை, பயிற்சியாளர் இல்லாமல், இதே கார்டுள்ள ஒரு கூட்டாளியோடு இறங்கலாம். நாலு கடல் டைவும் குறைந்தது இரண்டு நாளில் பரவியிருக்க வேண்டும் என்பது விதி. ஒரே நாளில் கார்டு தருகிறோம் என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். எஸ்.எஸ்.ஐ. (SSI) என்ற இன்னொரு நிறுவனத்தின் கார்டுக்கும் இதே 18 மீட்டர், ஏறக்குறைய இதே நாள்கள். இரண்டும் உலகம் முழுக்கச் செல்லும். எந்தப் பெயர் போட்ட கார்டு என்று மண்டையை உடைப்பதைவிட, ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர் என்று கேட்பது நல்லது. ஆள் கூடினால் உங்கள் முறைக்குக் காத்திருந்தே பொழுது போய்விடும்.

இந்த மூன்று நான்கு நாளில் நேரத்தைத் தின்பது எது? பாடம் இல்லை. அதை ஆன்லைனிலேயே படித்துத் தேர்வு எழுதிவிட்டுப் போனால் முழுசாக ஒரு நாள் மிச்சம். நீச்சலும் இல்லை. 200 மீட்டர், எந்த நீச்சலானாலும் சரி, நேரக் கெடு கிடையாது. பிறகு பத்து நிமிடம் மிதக்க வேண்டும். குளத்திலும் சானலிலும் குதித்து வளர்ந்தவர்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

இழுப்பது காதும் மூச்சும். இறங்க இறங்கக் காதை அழுத்தும். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதி, வலி வருவதற்கு முன்பே சரிசெய்துகொண்டு போக வேண்டும். சளி பிடித்திருந்தால் காது திறக்காது, அன்றைய டைவ் அவ்வளவுதான். அடுத்தது மாஸ்க். தண்ணீருக்குள் உட்கார்ந்து மாஸ்க்கில் வேண்டுமென்றே தண்ணீரை விட்டு, மேல் விளிம்பை அழுத்திப் பிடித்து, முகத்தை நிமிர்த்தி, மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். மூக்கில் தண்ணீர் ஏறியதும் பதறி மேலே பாய்கிறவர்கள் நிறைய. அந்தப் பதற்றம் அடங்கப் பத்து நிமிடமும் ஆகலாம், அரை நாளும் ஆகலாம்.

மூச்சு விஷயத்தில் நம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். கடியப்பட்டணம், குளச்சல் பக்கம் பாறையில் சிப்பி எடுக்க முங்குகிறவர்கள் தம் பிடித்துத்தான் இறங்குவார்கள். ஸ்கூபாவில் முதல் விதியே மூச்சைப் பிடிக்காதே என்பது. பத்து மீட்டரில் நுரையீரலை நிரப்பும் காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். தம் பிடித்துக்கொண்டே ஏறினால் நுரையீரல் கிழியும். அதனால்தான் காற்று தீர்ந்ததாக வைத்துக்கொண்டு, 'ஆ...' என்று ஒரே மூச்சை விட்டுக்கொண்டே மேலே வரும் பயிற்சி ஒன்று உண்டு. முங்கிப் பழகாத ஐ.டி. பையன் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வான். சிறுவயதிலிருந்தே முங்கிப் பழகியவருக்கு உடம்பு கேட்காது.

இனி இடம். அந்தமானின் ஹேவ்லாக் தீவில் (இப்போது ஸ்வராஜ் தீவு) தண்ணீர் தெளிவு, முதல் டைவிலேயே மீன் கூட்டத்தைப் பார்க்கலாம். ஆனால் திருவனந்தபுரம் போய், சென்னை வழியாகப் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்), அங்கிருந்து படகு. போக வரவே இரண்டு நாள். பல நாள் டைவ் செய்தால் கடைசி டைவுக்குப் பிறகு 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது, ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற வேண்டும். அதற்கு ஒரு நாள். மொத்தம் ஒரு வாரம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

புதுச்சேரிக்கு அவ்வளவு தேவையில்லை. சாயங்கால ரயில் ஏறினால் விடிவதற்குள் விழுப்புரம், அங்கிருந்து பஸ். பாடத்தை வீட்டிலேயே முடித்திருந்தால் சனி, ஞாயிறோடு இரண்டு நாள் லீவு போதும். திரும்புவதும் ரயில் என்பதால் அந்த 18 மணி நேரத் தொல்லை இல்லை. தண்ணீர் சில நாள் தெளிவாக இருக்கும், சில நாள் கலங்கிக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் போகாதீர்கள்.

வீட்டிலிருந்தே போய்வர ஆசைப்பட்டால் கேரளக் கோவளம் இருக்கிறது. இரண்டு வார இறுதிகளாகப் பிரித்துக்கொள்ளலாம், லீவே வேண்டாம். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தக் கடலை நம்பித் தேதி குறிக்க முடியாது. பாடத்தையும் நீர்ப் பயிற்சியையும் ஓரிடத்தில் முடித்து, சான்று வாங்கிக்கொண்டு, ஒரு வருடத்துக்குள் வேறிடத்தில் கடல் டைவ் செய்யவும் பாடியில் வழி உண்டு. கோவளத்தில் பாதி, அந்தமானில் பாதி என்று போகிறவருக்கு ஹேவ்லாக்கில் இரண்டு நாள் போதும். என்னைக் கேட்டால், வார இறுதி மட்டுமே கையிலிருப்பவர் கோவளத்தில் தொடங்கலாம், நாலு நாள் கிடைப்பவர் புதுச்சேரி போகலாம்.

எங்கே போனாலும் டிக்கெட் போடும் முன் மருத்துவப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆஸ்துமா, காது அறுவை சிகிச்சை, இதயக் கோளாறு மாதிரி எதற்காவது 'ஆம்' என்று எழுத வேண்டியிருந்தால் டாக்டர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். ஊரிலேயே அதற்கான டாக்டரைப் பார்த்து வாங்கிவிடலாம். ஹேவ்லாக் போய்ச் சேர்ந்த பிறகு தேடினால் அதற்கே ஒரு நாள்.