ட்ராயர் முழுக்க மரத்தூள்: ஒரு மைட்டர் ரம்ப மேடையும் மூன்றரை வருஷமும்

போன வாரம் என் ரம்ப மேடையின் இடது பக்கத்து மூன்றாவது ட்ராயர் பாதியில் நின்றுவிட்டது. முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. உள்ளே இருப்பது என் உளிகள். கீழ் ட்ராயரைக் கழற்றி, அடியில் கையை விட்டு, அரை மணி நேரம் மல்லுக்கட்டி வெளியே எடுத்தேன். ட்ராயர் ஓடுகிற இரும்புத் தண்டவாளமான டெலஸ்கோப்பிக் சேனலில் குண்டுகள் ஓடும் தடத்தில் மரத்தூளும் கிரீஸும் சேர்ந்து, பிசைந்த புட்டு மாவு போல இறுகிக் கிடந்தது.

அன்று சாயங்காலமே நண்பர் ஒருவரிடமிருந்து மெசேஜ். "சார், உங்க வீட்ல பார்த்தேனே அந்த ரம்ப மேடை, அதே மாதிரி எனக்கும் ஒண்ணு செய்யணும். எப்படி இருக்கு, இத்தனை வருஷம் ஆச்சே?" கேட்ட நேரம் அப்படி. அப்போதே பதில் போட்டிருந்தால் நட்பு போயிருக்கும். நாலு நாள் ஆறப்போட்டு எழுதுகிறேன்.

மேடை என்ன என்று அவருக்குத் தெரியும். மற்றவர்களுக்காக: பள்ளிக்கரணை வீட்டு போர்ட்டிகோவில் சுவரோரமாக 11 அடி நீளம். நடுவில் இரண்டரை அடிக்கு ஒரு பள்ளம், அதில் 10 இன்ச் ஸ்லைடிங் மைட்டர் ரம்பம், அதாவது தலையை மேலிருந்து இறக்கிச் சட்டத்தை நேராகவோ கோணமாகவோ குறுக்கே அறுக்கும் மின்ரம்பம். இரு பக்கமும் சட்டத்தைத் தாங்கும் சிறகுகள்: இடது சிறகு 5 அடி, வலது மூன்றரை. ரம்பத்தின் தட்டும் சிறகுகளின் மேல்பரப்பும் ஒரே மட்டம் என்பதால் எட்டடிச் சட்டத்தைத் தனி ஆளாகக் கிடத்தி அறுக்கலாம். சிறகுகளுக்குக் கீழே பதினொரு ட்ராயர். எல்லாம் 18 எம்எம் ப்ளை. 2022-இல் செய்தது. அன்றிலிருந்து கார் தெருவில் நிற்கிறது. அதைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தால் நான் ரம்பத்தை ஆன் செய்துவிடுவேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு வாய் வராது.

இடது சிறகின் பின்பலகை மேல் ஒரு தடம் பதித்து, அதில் ஓடும் ஸ்டாப் கட்டை ஒன்று வைத்தேன், சட்டத்தின் முனை முட்டி நிற்பதற்கு. இதற்கென்று விற்கும் அலுமினியத் தடம் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கவில்லை. ஜன்னல் போடும் அலுமினியக் கடையில் மிச்சம் விழுந்த துண்டு ஒன்றை வாங்கி, போல்ட் தலை உள்ளே நகர்கிற மாதிரி ராவி எடுத்தேன். இவ்வளவுதான் விஷயம். ஆனால் மாடிக்கு மறைப்புத் தட்டி செய்தபோது 62 சட்டம் வெட்ட வேண்டியிருந்தது. கட்டையை ஓரிடத்தில் இறுக்கி, ஒவ்வொன்றாக முட்டக் கொடுத்து வெட்டி, கடைசியில் எல்லாவற்றையும் செங்குத்தாக அடுக்கி முனைகள் மேல் விரலை ஓட்டினேன். விரலுக்கு ஒன்றுமே தட்டவில்லை. பென்சிலால் குறித்து வெட்டிய காலத்தில் ஒன்று ஒரு நூல் ஏறும், அடுத்தது ஒரு நூல் இறங்கும். இழைப்புளியை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சமாதானம் செய்ய வேண்டும். அந்த 62 முனைகளையும் தடவிப் பார்க்க வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டேன். மகள் மட்டும் வந்தாள்.

அளவுக்கு டேப்பையே வெட்டி ஒட்டியிருக்கிறேன். அங்கேயும் ஒரு கூத்து. பிளேடுக்கு இடது பக்கம் சுழியம் வலது முனையில் வர வேண்டும், எண்கள் இடது பக்கமாக ஏற வேண்டும். சாதாரண டேப்பை அப்படி ஒட்டினால் எண்கள் எல்லாம் தலைகீழ். 66 என்று நினைத்து 99-இல் கட்டையை இறுக்கியிருக்கிறேன், ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. நீளமாக வெட்டியதைக் குறைக்கலாம் என்பதால் பிழைத்தேன்.

இனி மரத்தூள்.

மைட்டர் ரம்பத்தில் பிளேடின் முன்பற்கள் கீழே இறங்கி, அடியில் பின்பக்கமாகப் போகும். அதனால் தூள் முழுக்கப் பின்னால் பீய்ச்சும். கூட வருகிற துணிப்பை ஏதோ மரியாதைக்குத் தொங்குகிறது. தலையை 45 டிகிரிக்குத் திருப்பினால் பீய்ச்சும் திசையும் கூடவே திரும்பும். ஆகவே தூளைப் பிடிக்கப் பின்னால் வைக்கும் கூண்டு இரு பக்கமும் அந்த 45-ஐ வளைத்துப் பிடிக்கிற அகலத்தில் இருக்க வேண்டும். நான் வைத்த கூண்டு நேராக வெட்டும்போது மட்டும் உத்தமமாக வேலை செய்யும். இத்தனைக்கும் வேக்குவம் குழாய் பொருத்தியிருக்கிறேன். ரம்பமும் வேக்குவமும் ஒரே நேரத்தில் எழுந்தால் கரண்டைத் துண்டிக்கும் எம்சிபி ஸ்விட்ச் விழுந்துவிடும் என்பதால் முதலில் ஒன்று, நாலு விநாடி கழித்து மற்றொன்று. அந்தப் பொறுமை எனக்குப் பாதி நாள்தான்.

பெரிய தூள் தரையில் விழும், துடைப்பம் போதும். மாவு போன்ற நுண்தூள்தான் எமன். மரத்தூளை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் வைத்துப் பல வருஷம் ஆகிறது. முகமூடி இல்லாமல் யாரும் நிற்க வேண்டாம். அந்த நுண்தூள் காற்றில் மிதந்து, சிறகுக்கும் ட்ராயர் முகத்துக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் படியும். ட்ராயரை இழுக்கும்போது உள்ளே காற்றும் இழுபடும், காற்றோடு தூளும். ஆக, நான் செய்தது பதினொரு ட்ராயர் இல்லை, பதினொரு துருத்தி.

தூள் வெறும் தூளாக இருந்தால்கூடப் பரவாயில்லை. சென்னை ஈரத்தைக் குடித்துக்கொண்டு இரும்பின் மேல் ஒட்டிக் கிடக்கும். ஒரு மழைக்காலத்தில் வேலமரம் அறுத்துவிட்டு அப்படியே போய்விட்டேன். வேலத்தில் துவர்ப்பு அதிகம். ஈரத்தோடு இரும்பில் பட்டால் கறுத்துவிடும். இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் முக்கால் இன்ச் உளியின் முகத்தில் மை கொட்டிய மாதிரி கறை, அதற்குக் கீழே துரு. அந்த உளி என் அப்பா வைத்திருந்தது. தீட்டித் தீட்டி இரண்டு எம்எம் போனது.

ஸ்டாப் கட்டையைக்கூடத் தூள் விடவில்லை. கட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவே கொஞ்சம் சேர்ந்தால் அடுத்த வெட்டு அரை எம்எம் குறையும். கட்டையின் கீழ் மூலையைச் சரிவாகச் சீவிவிட்டேன், தூள் அதற்குள் ஒதுங்கிக்கொள்ளும். மூன்றரை வருஷத்தில் நான் செய்த திருத்தங்களில் உருப்படியானது இது ஒன்றுதான்.

மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அவை என் புத்திக் குறைவு. பின்பலகையை ரம்பத்தின் பின்தடுப்போடு நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில் வைத்தேன். பெருமையாகவும் இருந்தது. ஐப்பசியில் ப்ளை உப்பியதும் பலகை சற்று முன்னால் வந்தது. சட்டம் அதில் முட்டிக்கொண்டு ரம்பத்தின் தடுப்பை விட்டு விலகியது. வெட்டிய முனையில் மூலை மட்டம் வைத்தால் இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. பின்பலகை ஒரு எம்எம் பின்னால் இருக்க வேண்டும், சிறகும் ஒரு மயிரிழை கீழே இருக்க வேண்டும். மேடை தாங்கினால் போதும். நேர் பார்ப்பது ரம்பத்தின் வேலை.

இன்னொன்று, மேலே தண்ணீர் தாங்கும் 710 ரக ப்ளை போட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாதே என்று அடிச்சட்டத்துக்குச் சாதாரண 303 ரகம் போட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. போர்ட்டிகோவில் இரண்டு நாள் தண்ணீர். அடிச்சட்டம் பப்படம் போலப் பொரிந்துவிட்டது. இப்போது மேடை கடப்பாக் கல் துண்டுகள் மேல் நிற்கிறது. ரசமட்டம் வைத்து மட்டம் பிடிக்க ஒரு பகல் போனது.

போன வருஷம் மோட்டாரில் தேய்ந்த கார்பன் பிரஷ் மாற்ற ரம்பத்தைக் கடைக்குக் கொடுத்து வாங்கினேன். திரும்ப வைத்ததும் டேப்பின் சுழியம் ஒன்றரை எம்எம் தள்ளியிருந்தது. ரம்பத்தின் கால் உட்காரும் இடத்தில் நாலு கட்டைகளை முன்பே அடித்து வைத்திருந்தால் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். செய்யவில்லை. இன்னும் செய்யவில்லை.

போன வாரம் ட்ராயரைக் கழற்றியபோது பக்கத்துத் தெரு ஆசாரி வந்து நின்று பார்த்தார். "சேனலைத் தூக்கிப் போடுங்க சார். மரச்சட்டம் அடிச்சு மெழுகுவத்தி தேயுங்க. அதுல தூள் எங்க போய் ஒட்டும்?" என்றார். அப்படியே செய்தேன். சத்தமில்லாமல், வழுக்கிக்கொண்டு போகிறது. புதிதாக ஒரு ஜோடி சேனல் வாங்கும் காசு மிச்சம், ஆனால் முன்பு பதினொரு ஜோடி வாங்கிய காசு போனது போனதுதான்.

அதனால், நண்பரே, கேட்டதற்குப் பதில்: செய்யாதீர்கள். இரண்டு பக்கமும் ரம்பத் தட்டின் உயரத்துக்குப் பக்கத்துக்கு ஒரு ஸ்டாண்ட், ஒரு நீளப் பலகை, அதில் ஒரு ஸ்டாப் கட்டை. முடிந்தது. உளியையும் இழைப்புளியையும் எதிர்ச் சுவரில் கதவு போட்ட அலமாரியில் வையுங்கள். ரம்பம் இருக்கும் இடத்தில் ட்ராயர் வேண்டாம்.

இதை எழுதி முடித்துப் போனிலும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ உங்களோடதைப் பிரிச்சிடுவீங்களா சார்?" என்றார். மீதி பத்து ட்ராயருக்கும் மரச்சட்டம் அறுக்க நேற்றுத்தான் ஸ்டாப் கட்டையை இறுக்கினேன். இருபது துண்டு, விரலுக்கு ஒன்றும் தட்டவில்லை. அவரிடம் அதைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்க வருகிறாராம். டேப் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், என்னுடையது மேடையில் ஒட்டிக் கிடக்கிறது.