விசைப்பலகைக்குப் பக்கத்தில் தட்டு வைக்காத கேம் கடை

மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் மாடியில் இருக்கும், காசு கட்டிக் கணினியில் ஆடும் அந்த கேம் கடையைப் பற்றி என்னிடம் விசாரிப்பவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள். "பிள்ளையை அங்கே விடலாமா ஐயா?" என்று கேட்கிறார்கள். விடலாம். நான் பார்த்தவரையில், பிள்ளையின் வயிற்றைப் பற்றிக் கவலைப்படுகிற ஒரே கேம் கடை அதுதான்.

நான் தோட்ட மருந்தகத்தில் டிரஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தக் காலத்தில் எங்கள் கவலை வயிற்றுப் பூச்சியும் இரத்தச்சோகையும். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று டவுனில் வளர்கிறார்கள். "ஒரு வாய் சோறு இறங்குவதில்லை" என்று தாய் கண் கலங்குகிறாள். பக்கத்தில் நிற்கும் பையனுக்கோ போன வருடச் சட்டையில் பொத்தான் பூட்ட முடியவில்லை. இரண்டும் உண்மை. இரண்டுக்கும் காரணம் அவன் கையில் இருக்கும் கைப்பேசி.

விளையாடும்போது இரண்டு கைகளும் வேண்டும். குழம்பு ஊற்றிப் பிசைந்து சாப்பிடுகிற சோற்றுக்கு அங்கே இடமே இல்லை. இரண்டு விரலால் எடுத்து வாயில் போடக்கூடியது எதுவோ அதுதான் உள்ளே போகும்: முறுக்கு, பாக்கெட் சிப்ஸ், சமைக்காமல் நொறுக்கிய மீ (நூடல்ஸ்). முருங்கைக்கீரையும் மீன் குழம்பும் தோற்பது ருசியில் அல்ல, கை ஈரமாகிவிடும் என்பதால்தான். ஆட்டத்தின் விறுவிறுப்பில் பசியும் கொஞ்ச நேரம் அடங்கிக் கிடக்கும். ஆட்டம் முடிந்ததும் அவசர அவசரமாக விழுங்குவான். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேரவே நேரம் பிடிக்கும். அதற்குள் அளவு மீறிவிடும்.

2011-இல் வெளியான ஒரு டென்மார்க் ஆய்வு நினைவுக்கு வருகிறது. சராசரியாகப் பதினேழு வயதை ஒட்டிய 22 பையன்களை ஒரு நாள் ஒரு மணி நேரம் வீடியோ கேம் ஆட வைத்தார்கள். இன்னொரு நாள் அதே ஒரு மணி நேரம் சும்மா உட்கார வைத்தார்கள். பிறகு வேண்டிய அளவு மதிய உணவு. கேம் ஆடிய நாளில் அவர்களுக்குப் பசி கூடியிருக்கவில்லை. ஆனாலும் சுமார் 80 கலோரி அதிகமாகச் சாப்பிட்டிருந்தார்கள். சிறிய ஆய்வுதான், பையன்கள் மட்டும்தான். ஆனால் பசிக்காமலே கை தட்டுக்குப் போகிறது என்பதை நானும் என் பேரனிடம் தினமும் பார்க்கிறேன்.

இனி கடைக்கு வருகிறேன். ஆடுவதற்கு மணிக்கு 3 வெள்ளி (ரிங்கிட்). கணினி இருக்கும் மேசைகளில் சாப்பாடு, பாக்கெட், போத்தல் எதுவும் கூடாது. சன்னல் ஓரமாக ஒரு நீண்ட மேசை போட்டிருக்கிறார்கள். பசித்தால் எழுந்து அங்கே போய் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். அந்த நேரத்துக்குக் கட்டணம் ஓடாது. இதைத்தான் நான் மிகவும் பாராட்டுகிறேன், ஏனென்றால் காசு கரைகிறதே என்ற பதற்றத்தோடு எந்தப் பிள்ளையும் நிதானமாக மெல்லாது. கீழே உள்ள சாப்பாட்டுக் கடையிலிருந்து தோசையும் சோறும் மேலே வரும். முட்டையோடு ஒரு சோற்றுப் பொட்டலம் 5 வெள்ளி. சாம்பார் கெட்டியாக இருந்தது, காய்கறி போதவில்லை.

கடையை நடத்தும் பெண்ணைப் பிள்ளைகள் அக்கா என்கிறார்கள். அவர் ஒரு பையனையும் ஆட்டத்தின் நடுவில் சாப்பிடக் கூப்பிடுவதில்லை. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, "பசியாறிவிட்டாயா? இல்லையென்றால் முதலில் அங்கே போ" என்கிறார். அணியாகச் சேர்ந்து ஆடும் மொபைல் லெஜண்ட்ஸ் போன்ற ஆட்டங்களை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. எழுந்து போனால் கூட்டாளிகள் தோற்பார்கள், இவனுடைய நன்மதிப்புப் புள்ளியும் குறையும். ஒரு சுற்று கால் மணி நேரம் அளவுக்குப் போகும். வீட்டில் நாம் சரியாக நடுவில் கூப்பிடுகிறோம், அவன் வரவில்லை, சோறு ஆறுகிறது, சண்டை மூள்கிறது. அக்காவின் முறையை என் மருமகளிடம் சொன்னேன். இப்போது எங்கள் வீட்டில் சுற்று முடிந்ததும் தட்டு, அடுத்த சுற்று கை கழுவிய பிறகு. பேரன் மீன் குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான்.

குறைகளும் உண்டு. காற்றோட்டம் போதாது, மதியத்துக்குப் பிறகு கூச்சல் தாங்க முடியவில்லை. பள்ளிச் சீருடையில் வந்தால் திருப்பி அனுப்புகிறார்கள், நல்லதுதான், ஆனால் பையில் மாற்றுச் சட்டை கொண்டுவரும் பையன்களை யாரும் கேட்பதில்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது வாசலில் நிற்கும் குளிர்பானப் பெட்டி. 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு 2019 ஜூலையிலிருந்து அரசாங்கம் வரி விதிக்கிறது. அந்த வரி பிள்ளையின் கையைத் தடுப்பதாகத் தெரியவில்லை. இனிப்புப் பானம் சோற்றுக்கு முந்திக்கொண்டு வயிற்றை அடைத்தால் சன்னல் ஓர மேசையால் என்ன பயன்? அக்காவிடம் நேரிலேயே சொன்னேன். பெட்டியை எடுத்துவிட்டால் வாடகை கட்ட முடியாது என்றார். அது நியாயமான பதில். அப்படியானால் பிள்ளைகளின் கண்ணுக்கு நேரான தட்டில் தண்ணீர்ப் போத்தல்களை வைத்து, இனிப்பானவற்றைக் கீழ்த் தட்டுக்கு இறக்குங்கள் என்று கேட்டுக்கொண்டேன். செய்கிறேன் என்றிருக்கிறார். அடுத்த வாரம் பேரனோடு போகும்போது பார்த்துவிட்டு எழுதுகிறேன்.