டர்பன் கடைகளில் கிடைக்கும் அமர்ந்தாடும் வாலிபால் வலை செட்

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிப் பள்ளி ஹால்களில், தரையில் உட்கார்ந்தே ஆடும் இந்த வாலிபாலுக்குப் பயிற்சி கொடுப்பவர்களுக்கு ஏற்ற செட்தான். கம்பங்கள் அருமை: வலை உயரம் ஆண்களுக்கு 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05 மீட்டர், இரண்டுக்கும் துளை சரியாக இருக்கிறது. 6.5 மீட்டர் வலையிலும் குறையில்லை.

சிக்கல் மேல் கயிற்றில். நைலான் என்பதால் ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் தளர்ந்து, நடுவில் வலை தொங்குகிறது. இந்த உயரத்தில் இரண்டு விரல் தொய்வே அடிப்பவருக்கு இலவசப் புள்ளி. ஸ்டீல் கேபிள் மாற்றிப் போடுங்கள்; உயரத்தைக் கம்பத்தருகே அளக்காமல் நடுவில் அளந்து பாருங்கள்.

கோடு போடும் டேப் சுத்த மோசம். 33 மீட்டர் சுருள் ஒன்றுதான் தருகிறார்கள். 10க்கு 6 மீட்டர் களத்தின் சுற்றுக்கோடு, நடுக்கோடு, வலையிலிருந்து 2 மீட்டரில் வரும் இரண்டு தாக்குதல் கோடுகள் எல்லாம் சேர்த்தால் 50 மீட்டர் வேண்டும். போதாக்குறைக்கு, டர்பன் கோடைப் புழுக்கத்தில் தரை வியர்த்து ஓரம் பெயர்கிறது. பந்தை அடிக்கும்போது இடுப்பைத் தரையிலிருந்து எழுப்பினால் ஃபவுல். கையை ஊன்றித் தேய்த்தபடிதான் நகர வேண்டும். பெயர்ந்த ஓரம் உள்ளங்கையைக் கிழித்துவிடும். தரையை ஈரம் போகத் துடைத்து, மெல்லிய வினைல் டேப் ஒட்டுங்கள்.

பந்து செட்டில் இல்லை. வழக்கமான உள்ளரங்கப் பந்தே போதும், 260 முதல் 280 கிராம்.