பைஷ்ரிங்க்: 30 ஜிபி இமேஜின் வாலை வெட்டும் ஸ்கிரிப்ட்

32 ஜிபி எஸ்டி கார்டை லினக்ஸின் டிடி (dd) கட்டளையால் நகலெடுத்தால், உள்ளே 4 ஜிபிதான் நிரம்பியிருந்தாலும் இமேஜ் (கார்டின் முழு நகலான ஃபைல்) கிட்டத்தட்ட 30 ஜிபிக்கு வந்து நிற்கும். எது ஃபைல், எது காலியிடம் என்று டிடிக்குத் தெரியாது. முதல் பைட் முதல் கடைசி பைட் வரை அள்ளிவிடும். எஸ்டி கார்டில் ஓடும் குட்டிக் கணினியான ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்களின் இந்தத் தலைவலிக்குச் சரியான மருந்து பைஷ்ரிங்க். இலவசம், ஒரே ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் (லினக்ஸ் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஃபைல்).

புது வித்தை ஒன்றும் இல்லை. இமேஜை லூப் சாதனமாக (நிஜ வட்டு போல) மாட்டி, இ2எஃப்எஸ்சிகே கட்டளையால் சோதித்து, ரீசைஸ்2எஃப்எஸ் கட்டளை கொண்டு கடைசிப் பார்ட்டிஷனின் (வட்டின் பிரிவு) ஃபைல்சிஸ்டத்தை (ஃபைல்களை அடுக்கி வைக்கும் அமைப்பு) சுருக்குகிறது. பிறகு பார்ட்டட் கட்டளையால் பார்ட்டிஷன் எல்லையைக் குறுக்கி, மிச்ச வாலை ட்ரன்கேட் கட்டளையால் வெட்டுகிறது. கையால் செய்பவர்கள் சறுக்குவது இந்த வரிசையில்தான்: ஃபைல்சிஸ்டத்துக்கு முன்னால் பார்ட்டிஷனைக் குறுக்கினால் டேட்டா போச்சு. இந்த ஸ்கிரிப்டுக்கு அதற்காகவே மதிப்பெண் போடலாம்.

ஓட்ட சூடோ (நிர்வாகி அனுமதி) கட்டாயம். இன்னொரு பெரிய எச்சரிக்கை: புதிய ஃபைல் பெயர் கொடுக்காவிட்டால் மூல இமேஜிலேயே கை வைத்துவிடும். வட்டில் இடம் இருந்தால் இரண்டாவது பெயரையும் கொடுத்துவிடுங்கள். கட்டளையோடு சின்ன இசட் (-z) போட்டால் ஜிஜிப் முறையில், பெரிய இசட் (-Z) போட்டால் எக்ஸ்இசட் முறையில் இமேஜை அமுக்கித் தரும். பின்னது இன்னும் சின்னதாகும், ஆனால் நேரத்தைத் தின்னும். கூடவே 'ஏ' (-a) சேர்த்தால் ப்ராசசரின் எல்லா கோர்களும் வேலை செய்யும்.

சுருக்கிய இமேஜைக் கார்டில் எழுதிப் போட்டால், முதல் பூட்டில் பார்ட்டிஷன் தானாகக் கார்டு முழுக்க விரியும். 'எஸ்' (-s) போட்டு அதை நிறுத்தினால் சிஸ்டம் ஏறக்குறைய நிரம்பிய நிலையிலேயே எழும். லாக் எழுதக்கூட இடம் தட்டும். தெரிந்து செய்தால் சரி.

குறை? கடைசிப் பார்ட்டிஷன் எக்ஸ்ட்2, 3, 4 என்ற ஃபைல்சிஸ்டங்களில் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். பிடிஆர்எஃப்எஸ் போன்ற வேறு வகை என்றால் கையை விரித்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் ராஸ்பெர்ரி பையிலிருந்தே எடுத்த இமேஜ் என்றால் ஃபைல்சிஸ்டம் சோதனையிலேயே பிழைகள் கொட்டலாம். பழுதுபார்க்கும் 'ஆர்' (-r) போட்டு ஒட்டுப்போடுவதைவிட, பையை அணைத்து, கார்டைக் கழற்றி மறுபடி நகலெடுப்பதே மேல்.

விர்ச்சுவல் மெஷினின் (கணினிக்குள் ஓடும் மென்பொருள் கணினி) வட்டாக இருக்கும் க்யூகவ்2 ஃபைலுக்கு இது ஆகாது. அங்கே விர்ட்-ஸ்பார்சிஃபை என்ற கருவி இருக்கிறது. மெஷினை அணைத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். பலனை எல்எஸ் (ls) கட்டளை காட்டும் அளவில் தேடாதீர்கள், வட்டில் உண்மையில் பிடிக்கும் இடத்தைக் காட்டும் டியூ (du) போட்டுப் பாருங்கள்.