ஸ்கூல் பஸ் டிரைவரா, டவுன் பஸ் டிரைவரா?

ஐந்தாவது வரை மஞ்சள் ஸ்கூல் பஸ், அப்புறம் அரசுப் பள்ளியில் சேர்ந்ததும் இலவச பாஸோடு டவுன் பஸ் என்று இரண்டிலும் போனவன் நான். ஸ்கூல் பஸ் ஓட்டிய அண்ணனுக்கு எங்கள் தெருவே மனப்பாடம், யார் வீட்டில் இன்னும் ஜடை பின்னிக்கொண்டிருக்கிறார்கள் என்பது உட்பட. ஹாரன் அடிப்பார், திட்டுவார், ஆனால் விட்டுவிட்டுப் போகமாட்டார். பள்ளியில் நிர்வாகம் திட்டினாலும் சரி.

டவுன் பஸ் டிரைவரோ யூனிஃபார்ம் கூட்டத்தைப் பார்த்தாலே நிறுத்தத்தைத் தாண்டிப் போய்த்தான் நிறுத்துவார், நாங்கள் பையோடு ஓட வேண்டும். ஆனால் ஏறிவிட்டால் பைகளை எல்லாம் இன்ஜின் பானெட் மேல் அடுக்கிக்கொள்ள விடுவார், படியில் எவனாவது தொங்கினால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவன் உள்ளே வரும்வரை நகர்த்தமாட்டார்.

பாதுகாப்பில் ஸ்கூல் பஸ்தான் மேல் என்று எல்லோரும் சொல்வார்கள். 2012-ல் சென்னை தாம்பரம் பக்கம் முடிச்சூரில், சேலையூர் பள்ளி ஒன்றின் பேருந்துத் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகுதான் தமிழ்நாட்டில் அதற்கென்றே தனி விதிகள் வந்தன. எங்கள் காலத்தில் விதி என்றால் அந்த அண்ணன் மட்டும்தான். என் ஓட்டு அவருக்கே, ஜன்னலோர சீட்டுக்காகவும் சேர்த்து.