பாட்டைப் பிரித்துத் தரும் செயலிக்கு வருடச் சந்தா கட்டப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் போனால் போகிறது என்று விட்டுவிடுவேன். 12 மாதச் சந்தா, மொத்தமாக ஒரே தடவையில் போச்சு. செயலியின் பெயரைச் சொல்லவில்லை. பாட்டை ஏற்றினால் குரல் தனி, டிரம்ஸ் தனி, பேஸ் தனி, கிடார் தனி என்று பிரித்துத் தருவோம் என்கிற மொபைல் செயலிகளில் ஒன்று. பணம் கட்டும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் கிடார் பழகுகிறேன். பாட்டில் கிடாரை மட்டும் தனியாகக் கேட்டு வாசிப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் அதை மியூட் செய்துவிட்டு, மற்ற வாத்தியங்களோடு சேர்ந்து நான் வாசிக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தேவை.

இலவசச் சோதனையில்தான் மயக்கினார்கள். நம் பாட்டை ஏற்றினால் முதல் ஒரு நிமிடத்தை மட்டும் பிரித்துக் காட்டும். அதிலும் குரலும் டிரம்ஸும்தான் திறந்திருக்கும். கிடார் ஸ்லைடரின் மேல் பூட்டுப் படம். குரல் ஸ்லைடரைக் கீழே இழுத்தேன். பாடகர் மாயமாகிவிட்டார். மூச்சிழுக்கும் சத்தம்கூட மிச்சமில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக் கேட்டேன், நிஜம்தான். கிடார் எப்படி வரும் என்று காட்ட அவர்களே ஒரு மாதிரிப் பாட்டு வைத்திருந்தார்கள். அதில் விரல் கம்பியில் வழுக்கும் கீச்சுச் சத்தம்வரை கேட்டது. குரலையே இவ்வளவு சுத்தமாக எடுப்பவர்கள் கிடாரையா விட்டுவிடப் போகிறார்கள்? மாதச் சந்தா பொடி எழுத்தில், வருடச் சந்தா பெரிய பட்டனில். கட்டினேன்.

அதே பாட்டை மறுபடி ஏற்றி, கிடார் ட்ராக்கை மட்டும் ஓடவிட்டேன். கிடார் இருந்தது. கூடவே கீபோர்டும் இருந்தது, வயலினும் இருந்தது, பாடகர் இழுத்துப் பாடிய இடங்களில் அவர் குரலின் மிச்சமும் இருந்தது. சரி, மியூட் செய்துவிட்டாவது வாசிக்கலாம் என்றால், கிடாரை மியூட் செய்ததும் கீபோர்டும் வயலினும் சேர்ந்தே போய்விட்டன. இடையிசை முழுக்க வெறும் டிரம்ஸும் பேஸும். சந்தேகம் வந்து, கிடாரே இல்லாத ஒரு புல்லாங்குழல் பாட்டை ஏற்றிப் பார்த்தேன். புல்லாங்குழல் ‘கிடார்’ ட்ராக்கில் வந்து ஜம்மென்று உட்கார்ந்தது! மற்றதையெல்லாம் கழித்தது போக மிஞ்சியதற்குக் கிடார் என்று பெயர் ஒட்டி விற்கிறார்கள். இதற்குத்தான் 12 மாதச் சந்தா.

அப்புறம் தேடிப் படித்தேன். இணையத்தில் பாட்டு கேட்கும் சேவை நடத்தும் டீசர் (Deezer) நிறுவனம் 2019-இல் ஸ்ப்ளீட்டர் என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. அது அதிகபட்சம் ஐந்தாகப் பிரிக்கும்: குரல், டிரம்ஸ், பேஸ், பியானோ, மற்றவை. கிடாருக்குத் தனி இடமே இல்லை, அது ‘மற்றவை’யில் போய்விடும். இப்படிப் பாட்டைப் பிரிக்கும் மென்பொருள்களைப் பயிற்றுவிக்கவும் ஒப்பிடவும் பரவலாகப் பயன்படும் மியூஸ்டிபி18 என்ற 150 பாடல் தொகுப்பிலும் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என நான்கே பகுதிகள்தான். குரலும் டிரம்ஸும் நன்றாகப் பிரிவதும், கிடாரும் கீபோர்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதும் அதனால்தான். மெட்டா வெளியிட்ட டீமக்ஸ் என்ற இலவச மென்பொருளில் கிடாரையும் பியானோவையும் தனியாக எடுக்கும் ஒரு சோதனைப் பதிப்பு உண்டு. பியானோ ட்ராக்கில் மற்ற சத்தங்கள் நிறையக் கலக்கின்றன என்று அதை உருவாக்கியவர்களே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். காசு வாங்காதவர்களிடம் இருக்கிற அந்த நேர்மை, 12 மாதப் பணத்தை முன்கூட்டியே வாங்கியவர்களிடம் இல்லை. அந்த மாதிரிப் பாட்டுகூடப் பிரித்தெடுத்ததுதானா, ஸ்டூடியோவில் தனித்தனியாகப் பதிவான ட்ராக்குகளை அப்படியே வைத்திருக்கிறார்களா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் ஒரு தானியங்கிப் பதில்: “உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்.” அடுத்தது, தரமான ஆடியோ ஏற்றுங்கள் என்றார்கள். ஏற்றினேன்; புல்லாங்குழல் இன்னும் துல்லியமாகக் ‘கிடாரில்’ கேட்டது. செயலியின் கேஷை, அதாவது தற்காலிகச் சேமிப்பை, அழித்துப் பாருங்கள் என்றார்கள். அழித்தேன், திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பழக வெட்டிச் சேமித்து வைத்திருந்த லூப்பெல்லாம் போனதுதான் மிச்சம். கடைசியில், பணம் வாங்கியது ஆப் ஸ்டோர்தான், அங்கே கேளுங்கள் என்று கைகழுவினார்கள். ஸ்டோரில் கேட்டால், செயலியை உருவாக்கியவரைத் தொடர்புகொள்ளவும் என்று பதில். நான் அனுப்பிய ஆடியோவை ஒருவராவது கேட்டாரா என்றே தெரியவில்லை. பன்னிரண்டு மாதப் பணம் சார்!

விவரமாகச் சொல்வதாக இருந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. குரலை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது எல்லாச் செயலியிலும் ஓரளவு நன்றாகவே வரும். அவர்களின் மாதிரிப் பாட்டை நம்பாதீர்கள். நீங்கள் வாசிக்கும் வாத்தியமே இல்லாத பாட்டை ஏற்றி, அந்த ட்ராக்கில் என்ன வருகிறது என்று கேளுங்கள். அதற்கு விடாத செயலிக்குக் காசு கொடுக்காதீர்கள். கம்ப்யூட்டர் இருந்தால் அல்டிமேட் வோக்கல் ரிமூவர் என்ற பாட்டுப் பிரிக்கும் மென்பொருள் இலவசம், அதில் டீமக்ஸும் இருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள். கட்டியே ஆக வேண்டுமென்றால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். இன்னொன்று, செயலியை போனிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது. ஸ்டோரில் சந்தாக்கள் பக்கத்துக்குப் போய் ரத்து செய்தால்தான் நிற்கும்.